பழைய போர்வீல் வண்டியை உயர்த்துமுன்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் தோட்டத்துச் செம்மண் சாலைகள் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரிகளின் சக்கரங்கள் சாலையின் இரு பக்கமும் ஆழமான தடங்களை வெட்டிவிடுகின்றன. நடுவில் எஞ்சி நிற்கும் மண்மேடு, பின்னால் வரும் சிறிய வண்டியின் அடிப்பாகத்தை உரசுகிறது. சக்கரங்கள் சுழல்கின்றன, வண்டியோ நகர மறுக்கிறது.

அண்மையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, பால்மரம் சீவும் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். பல ஆண்டுகள் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அவருடைய தாய்மாமனும் உடன் வந்திருந்தார். இளைஞர் தம் சேமிப்பைக் கொண்டு பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் விளைபொருளை ஏற்றிச் செல்வது அவர் எண்ணம்.

"ஐயா, நான்கு பெரிய டயர் பூட்டி, ஸ்பிரிங்கையும் உயர்த்திவிட்டால் எந்தச் சேற்றிலும் போகலாம் என்கிறார்கள். மாமா வேண்டாம் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்" என்றார் அவர்.

"வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பி. கணக்குப் பார்த்துச் செய் என்றுதான் சொன்னேன்" என்றார் மாமா.

அந்தக் கணக்கையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வண்டியின் பிறப்பு

லேண்ட் ரோவர் 1948 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் மூன்றாம் வரிசை வண்டிகள் 1971 முதல் 1985 வரை உற்பத்தி செய்யப்பட்டன. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இவ்வகைப் பழைய வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 88 அங்குலம் உள்ள குட்டை வண்டியும், 109 அங்குலம் உள்ள நீண்ட வண்டியும் இவற்றுள் அடங்கும். நம் இளைஞர் வாங்கியது குட்டை வண்டி. முன்னும் பின்னும் வில்போல் வளைந்த தகட்டு ஸ்பிரிங்குகளைக் கொண்டது அது.

டயரின் எண்ணைப் படிப்பது எப்படி?

குட்டை வண்டிக்குப் பொருத்தமான டயர்களுள் ஒன்றின் பக்கவாட்டில் 205/80ஆர்16 என்று பொறிக்கப்பட்டிருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் கூறப்படுவது. 80 என்பது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில் கூறப்படுவது.

205இல் நூற்றுக்கு 80 பங்கு 164 மி.மீ. ஆகும். மேலும் கீழுமாக இரு சுவர்கள் இருப்பதால் 328 மி.மீ. 16 அங்குல ரிம் 406 மி.மீ. இரண்டையும் கூட்டினால் டயரின் முழு உயரம் 734 மி.மீ.

இப்போது இளைஞர் விரும்பிய 235/85ஆர்16 டயரை எடுத்துக்கொள்வோம். 235இல் நூற்றுக்கு 85 பங்கு ஏறக்குறைய 200 மி.மீ. இரு சுவர்களும் சேர்ந்து 400. ரிம்மையும் கூட்டினால் 806 மி.மீ. ஆக, டயர் 72 மி.மீ. பெரிதாகிறது.

ஆனால் வண்டி 72 மி.மீ. உயராது. சக்கரத்தின் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது அல்லவா? ஆகவே அச்சு உயர்வது அதில் பாதியே. அதாவது 36 மி.மீ. இரண்டு விரற்கடை உயரம். இவ்வளவு செலவுக்கும் கிடைக்கும் உயரம் இதுதான் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் என்ன உயரும்?

இதில் பலரும் தவறாக எண்ணுவது ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது வண்டியின் உடலும் சட்டமும் மட்டுமே. அச்சும், அதில் பருத்துத் தொங்கும் டிபரன்ஷியல் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். நடு மண்மேட்டில் முதலில் இடிப்பது அந்த உருண்டையே. அதனை உயர்த்த வல்லது டயர் ஒன்றுதான். ஸ்பிரிங் உயர்வு எதற்கு உதவும் என்றால், பெரிய டயர் உடலில் உரசாமல் இருப்பதற்கும், மேடேறும்போது முன் பின் பாகங்கள் தரையில் இடியாமல் இருப்பதற்கும் உதவும்.

உயரத்திற்கு நாம் கொடுக்கும் விலை

முதலாவது, இழுவிசை. பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் செல்லும். ஆகவே எல்லாக் கியர்களும் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு நீண்டுவிட்டதுபோல் ஆகும். மேட்டில் முன்பு இரண்டாம் கியரில் ஏறிய வண்டி, இப்போது முதல் கியரைத் தேடும். பழைய எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஆக்சில் தண்டுகளுக்கும் சுமை கூடும்.

இரண்டாவது, வேகமானி. அதன் முள் 80 கிலோமீட்டரைக் காட்டும்போது வண்டி உண்மையில் 88 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, பிரேக். காலால் முன்போல் அதே அளவு அழுத்தினாலும், பெரிய டயரின் ஓரத்தில் கிடைக்கும் நிறுத்தும் விசை நூற்றுக்கு 9 பங்கு குறையும். இவ்வண்டிகளில் உள்ளவை உருளை பிரேக்குகள். சேற்று நீரில் இறங்கி ஏறியபின் அவற்றின் பிடிப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

நான்காவதே மிக முக்கியமானது. அது வண்டி கவிழும் ஆபத்து. இவ்வண்டியின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 1,300 மி.மீ. உள்ளது, பாதி 650. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வண்டி பக்கவாட்டில் சுமார் 43 பாகை சாய்ந்தால் கவிழும். டயராலும் ஸ்பிரிங்காலும் எடை மையம் 80 மி.மீ. உயர்ந்தால் அது 40 பாகையாகக் குறையும். ஸ்பிரிங் அமுங்குவதால் உண்மையில் இதற்கு முன்னரே கவிழ்ந்துவிடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ, மிகச் சிறிய சாய்விலும் இது நேரலாம்.

மூன்று பாகைதானே என்று எண்ணலாகாது. நம் தோட்டங்களில் வண்டியின் பின்புறம் வெறுமையாகச் செல்வது அரிது. நான்கு பேர் பின்னால் நின்றுகொண்டு வந்தால் எடை மையம் மேலும் உயர்ந்துவிடும். கவிழும் வண்டியில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வார். பின்னால் நிற்பவர்களுக்குப் பிடிப்பு ஏது? சாமான் ஏற்றும் பகுதியில் ஆட்களை, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளை, ஏற்றிச் செல்லும் வழக்கத்தை எந்த வண்டியிலும் கைவிட வேண்டும். உயர்த்திய வண்டியில் அதனை நினைத்தும் பார்க்கக் கூடாது.

முதலில் செய்யவேண்டியது

மாமா கேட்ட ஒரு கேள்வி நமக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது: "இந்த வண்டி பிறந்தபோது இருந்த உயரம் இப்போது இருக்கிறதா?"

பல்லாண்டு பாரம் சுமந்த தகட்டு ஸ்பிரிங்குகள் தம் வளைவை இழந்துவிடுகின்றன. தகடுகளுக்கிடையே துரு ஏறுகிறது. முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்கின்றன. வண்டியைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, அச்சின் மேற்புறத்திலிருந்து சட்டம் வரை நான்கு இடங்களிலும் அளந்து பாருங்கள். அந்த அளவுகளை வண்டியின் பணிமனைக் கையேட்டுடன் ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்குகளைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தாலோ, உரிய அளவில் புதியவை மாற்றினாலோ, இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும். அது வண்டியைச் செய்தவர்களே கணக்கிட்டு வைத்த உயரம்; அதனால் புதிய ஆபத்து எதுவும் இல்லை. ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங் சற்றே கூடுதல் வளைவுடன் செய்யப்படுவது உண்டு. ஆதலின் இடத்தை மாற்றிப் பூட்டலாகாது.

அடுத்து, டயரின் உயரத்தைவிட அதன் வெட்டுகளைக் கவனிக்க வேண்டும். வழவழப்பான களிமண்ணில் தேய்ந்துபோன பெரிய டயரைவிட, ஆழமான சேற்று வெட்டுள்ள பழைய அளவு டயரே நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019 ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. வெட்டு ஆழமாக இருந்தாலும், வயது முதிர்ந்த ரப்பர் வெடிப்புக் கண்டிருக்கலாம். ரப்பரைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் பாடம் சொல்லவேண்டியதில்லை.

உயர்த்தத்தான் வேண்டுமென்றால்

இவ்வளவு செய்தும் போதவில்லையென்றால், பின்வருவனவற்றை ஒன்றுவிடாமல் கவனிக்க வேண்டும்.

1. நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தப் பின்னால் மட்டும் இரண்டு பெரிய டயர் பூட்டுவது பெருந்தவறு. நான்கு சக்கர இயக்கத்தில் இவ்வண்டியின் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. டயர் அளவு வேறுபட்டால் அவை ஒன்றையொன்று எதிர்த்துக் கியர் பெட்டியை முறுக்கும்.

2. ரிம் பொருந்த வேண்டும். குட்டை வண்டியின் பழைய ரிம் பெரும்பாலும் 5 அங்குல அகலம் உடையது. 235 மி.மீ. டயருக்கு அது போதாது. மேலும், ஆணியறைந்து இணைத்த பழைய ரிம்களில் டியூப் இல்லாமல் டயர் பூட்டலாகாது.

3. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். டயர் ஸ்பிரிங்கிலோ உடலிலோ பிரேக் குழாயிலோ உரசக் கூடாது. திருப்பத்தின் எல்லையைக் கட்டுப்படுத்தும் ஆணியைச் சரிசெய்யவேண்டி வரும்.

4. அச்சு கீழே முழுவதும் தொங்கும்போது பிரேக் ரப்பர் குழாய்கள் இழுபடக் கூடாது. உயர்த்திய வண்டியில் சமதரையில் சரியாகத் தோன்றும் குழாய், ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும் அக்கணமே அறுந்துவிடலாம். இதனைத் தாங்கியின்மேல் வண்டியை உயர்த்தி நிறுத்திச் சோதிக்க வேண்டும். அதிர்வுதாங்கிகளும் அதற்கேற்ற நீளமுடையனவாக இருத்தல் வேண்டும்.

5. நீளமான ஷேக்கிள் பட்டைகளை மாட்டுவது செலவு குறைந்த வழியாகத் தோன்றும். ஆனால் அது அச்சையே திருப்பிவிடுகிறது. முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு மாறுவதால் ஸ்டீயரிங் அலையலாம். புரொப்பெல்லர் தண்டின் மூட்டுகளும் விரைவில் தேயலாம். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மரக்கட்டையோ இரும்புத் துண்டோ வைத்து, பட்டறையில் கண்டபடி ஒட்டவைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

6. சேற்றில் ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைத்திருந்தால், தார்ச்சாலையில் ஏறுமுன் மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆற்றையோ பள்ள நீரையோ கடந்தபின், மெதுவாக ஓட்டியவாறே பிரேக்கை இலேசாக அழுத்தி உலர்த்துங்கள்.

சட்டமும் காப்புறுதியும்

வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜே.பி.ஜே.யின், அனுமதியைப் பெறவேண்டும். 1987 ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தோட்டத்துக்குள் மட்டுமே ஓட்டுகிறேன் என்பது, அந்த வண்டி பொதுச்சாலையில் ஏறும் நாளில் உதவாது. காப்புறுதி நிறுவனத்திற்கும் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப்பின் இழப்பீடு கேட்கும் குடும்பத்திற்குத் தடையாக நிற்கக்கூடும். வேலைக்குச் சென்றவர் வீடு திரும்பாத நாளில், அக்குடும்பம் இலாகாவுக்கும் காப்புறுதி அலுவலகத்துக்கும் அலைவதை நாம் விரும்புவதில்லை.

இளைஞரின் முடிவு

அன்று மாலை, இளைஞரும் மாமாவும் நம் கண்முன்பே அளவு நாடாவை எடுத்து வண்டியை அளந்தனர். பின் இடது ஸ்பிரிங் மற்றொன்றைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. அதன் நடுத் தகடு ஒன்று முறிந்தும் இருந்தது. வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் டயரின் சிறுமை அன்று. அந்த முறிந்த தகட்டுடன் பெரிய டயரையும் பூட்டிப் பாரமும் ஏற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று மாமா சொல்லவில்லை, இளைஞரும் கேட்கவில்லை.

ஸ்பிரிங்குகளைப் புதுப்பிப்பது, பிரேக்கைச் சீராக்குவது, பழைய அளவிலேயே சேற்று வெட்டுள்ள நான்கு டயர்களை வாங்குவது என்று அவர்கள் முடிவு செய்தனர். பெரிய டயரைப் பற்றி அடுத்த மழைக்காலத்திற்குப் பின் யோசிக்கலாம் என்றார் இளைஞர். நாமும் அதனை நல்ல முடிவு என்றே கருதுகிறோம்.

பயிற்சி

அ. உங்கள் வண்டியின் டயர் எண்ணைக் குறித்துக்கொண்டு அதன் முழு உயரத்தைக் கணக்கிடுங்கள்.

ஆ. நீங்கள் பூட்ட விரும்பும் டயரின் உயரத்தையும் கணக்கிடுங்கள். வேறுபாட்டில் பாதியே அச்சு உயரும் அளவு.

இ. வண்டியைச் சமதரையில் நிறுத்தி நான்கு மூலைகளையும் அளந்து எழுதுங்கள். இடது வலது அளவுகள் வேறுபட்டால், புதிய டயர் வாங்குமுன் அதன் காரணத்தை அறிந்த ஒரு பட்டறைக்காரரிடம் காட்டுங்கள்.