எலக்ட்ரானின் சுழற்சி, லேசரின் வேகம்

கேள்வி: சிதம்பரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ‘ஸ்பின் லேசர்’ சாதாரண லேசரைவிட வேகமானதாமே, எப்படி?
– மாணவி, கடலூர்

பதில்: ஊரில் அடுத்த முறை 3டி படம் பார்க்கும்போது அந்தக் கண்ணாடியைக் கவனியுங்கள். பல அரங்குகளில் ஒரு கண்ணுக்கு இடஞ்சுழி ஒளியும் மறு கண்ணுக்கு வலஞ்சுழி ஒளியும்தான் போகின்றன. இதுவே வட்டத் தளவிளைவு; ஒளித்துகளின் தற்சுழற்சியே இதற்கு அடிப்படை. ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்குத் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனும் பகவந்தமும் 1931-இலேயே சோதனைச் சான்று வெளியிட்டார்கள்.

குறைகடத்தி லேசருக்குள் போகும் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றின் தற்சுழற்சி ஒரே பக்கம் இருந்தால், வெளிவரும் ஒளியின் சுழற்சியையும் அதுவே தீர்மானிக்கும். இதுதான் ‘ஸ்பின் லேசர்’. சாதாரண லேசரில் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கித் தகவல் அனுப்புகிறோம். எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஒளிச்செறிவும் ஒன்றையொன்று துரத்தும் அந்த அலைவு, சில பத்து கிகாஹெர்ட்ஸோடு திணறிவிடும்.

ஸ்பின் லேசரில் தகவலைச் சுமக்கும் தளவிளைவின் அலைவு அப்படியல்ல. அதன் வேகம் முக்கியமாக லேசரின் இரட்டை ஒளிவிலகலைப் பொறுத்தது. 2019-இல் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழகத்தினர் தலைமையிலான குழு, லேசர் சில்லை இலேசாக வளைத்து அந்த ஒளிவிலகலைக் கூட்டியது. அலைவு 200 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது, அதுவும் அறை வெப்பநிலையில்! வளைப்பது என்ற எளிய வேலை இவ்வளவு தருகிறது என்பது எனக்கு இன்றும் பரவசமூட்டுகிறது.

ஆனால் அவர்கள் தற்சுழற்சியைத் தூண்டியது ஒளித்துடிப்பால். மின்சாரத்தாலேயே, அறை வெப்பநிலையில், தற்சுழற்சி கலையாமல் எலக்ட்ரான்களைச் செலுத்துவதுதான் பெரும்பாடு. ஆய்வுக்கு இறங்குவதாக இருந்தால், சான் மிகேல், ஃபெங், மொலோனி மூவரும் 1995-இல் லேசரின் தளவிளைவுக்குத் தந்த சமன்பாடுகளிலிருந்து தொடங்குங்கள். கணினியிலேயே தீர்த்துப் பார்க்கலாம்.