மிதிவண்டிப் பயணமும் குடிநீரும்

மனிதன் படைத்த ஊர்திகளுள் எளிமை மிக்கது மிதிவண்டி. அது புகை கக்குவதில்லை, எண்ணெய் வேண்டுவதில்லை, எளியோரும் வாங்கத் தக்க விலையுடையது. 1991 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டனர். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு அரசே மிதிவண்டி வழங்கி வருகின்றது. பல கிலோமீட்டர் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவ்வண்டியே உற்ற துணை.

ஆனால், பிற ஊர்திகளுக்கும் மிதிவண்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிறவற்றில் பொறி வேறு, ஊர்பவர் வேறு. மிதிவண்டியிலோ ஊர்பவரே பொறி. ஓடும் பொறி சூடேறும். சூடேறிய பொறியைத் தணிக்க நீர் வேண்டும். இதனைப் பேருந்து ஓட்டுவோர் நன்கு அறிவர். வண்டி புறப்படுமுன் நீர் உள்ளதா என்று பார்த்துக்கொள்வர். மிதிவண்டியில் செல்வோர் பலர் தம் உடலாகிய பொறிக்கும் நீர் வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர். அம்மறதி சோர்வில் தொடங்கிச் சில வேளைகளில் உயிருக்கே ஊறாய் முடிவதுண்டு.

உடல் சூடேறுவது எவ்வாறு? நாம் உண்ணும் உணவு தசைகளில் ஆற்றலாக மாறுகின்றது. அவ்வாற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மிதிகட்டையைச் சுழற்றப் பயன்படுகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. விரைந்து மிதிக்க மிதிக்க வெப்பமும் மிகுகின்றது. உடலின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியசு. அது மூன்று நான்கு பாகை உயர்ந்தாலும் உயிருக்கு இடர் நேரும். ஆதலின், மிகுந்த வெப்பத்தை உடல் வெளியேற்றியே ஆகவேண்டும். அதற்கு இயற்கை வகுத்த வழியே வியர்வை.

வியர்வையின் வேலையை அறிய விரும்புவோர் வீட்டிலுள்ள மண்பானையை நோக்கினால் போதும். பானையின் நுண்ணிய துளைகளின் வழியே நீர் கசிந்து புறத்தே ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. உடலும் அத்தகைய பானையே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மீது ஆவியானால், ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். 30 பாகை வெப்பமுள்ள 8 லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்ய இவ்வளவு வெப்பம் போதும். இத்துணைப் பெருவேலையைச் சிறு வியர்வைத் துளிகள் ஓசையின்றிச் செய்து முடிக்கின்றன.

ஆவியாகும் வியர்வையே உடலைக் குளிர்விக்கும். வழிந்து சிந்தும் வியர்வை வீணே. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. அங்கு வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் நனைந்தும் குளிர்வதில்லை. மழைக்காலத்தில் மண்பானை நீர் அவ்வளவாகக் குளிராதிருப்பதற்கும் இதுவே காரணம். வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடையில் காற்று வறண்டிருக்கும். அங்கு வியர்வை தோன்றிய உடனே மறைகின்றது. மிதிவண்டியில் செல்பவர்மீது எதிர்க்காற்று வீசிக்கொண்டே இருப்பதால் சட்டையும் உலர்ந்தே காணப்படும். ‘வியர்க்கவில்லை, ஆகவே நீர் வேண்டியதில்லை’ என்று அவர் எண்ணக்கூடும். வண்டியை நிறுத்திய சில நொடிகளில் வியர்வை ஆறாய்ப் பெருகும்போதுதான் உண்மை விளங்கும். நடந்து செல்வோரினும் மிதிவண்டியில் செல்வோரே இவ்வாறு ஏமாறுவர்.

உடலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு நீர். வெயிலில் நெடுநேரம் மிதிப்பவர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழப்பதுண்டு. 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒருவர் ஒரு லிட்டர் நீரை இழந்தால், அவ்விழப்பு அவர் எடையில் நூற்றில் இரண்டு பங்காகும். அந்நிலையிலேயே பலருக்கு ஊக்கம் குறைகின்றது, கவனம் தளர்கின்றது. நீர் குறையக் குறைய உடலில் ஓடும் குருதியின் அளவு சுருங்குகின்றது. தசைகளுக்கு உயிர்வளியையும் தோலுக்கு வெப்பத்தையும் அக்குருதியே கொண்டு செல்லவேண்டும். இரண்டுக்கும் போதாத குருதியைச் சுழற்ற நெஞ்சம் விரைந்து துடிக்கின்றது. அதன்பின் வியர்வையும் குறைகின்றது. வெப்பம் உள்ளேயே தங்குகின்றது. போக்குவரத்து மிகுந்த சாலையில் கண் இருண்டு தலை சுற்றினால் விளையும் தீங்கைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வுண்மையை மிதிவண்டி வீரர்களும் நெடுங்காலம் உணராதிருந்தனர். 1903 ஆம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டில் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் ஒன்று நடைபெற்று வருகின்றது. குறைவாக நீர் பருகுவதே உறுதிக்கு அடையாளம் என்னும் எண்ணம் அக்காலத்து வீரரிடையே நிலவியது. பந்தய விதிகளும் வழியில் நீர் பெறுவதைக் கட்டுப்படுத்தின. 1967 ஆம் ஆண்டு சூலை 13 ஆம் நாள், கடும் வெயிலில், வீரர்கள் வாந்தூ என்னும் மலையில் ஏறினர். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் மேற்பகுதியில் நிழல் தரும் மரமில்லை. வெண்ணிறக் கற்களே எங்கும் கிடந்தன. அங்கே டாம் சிம்சன் என்னும் ஆங்கில வீரர் தள்ளாடி விழுந்தார். அவர் 1965 ஆம் ஆண்டில் உலக வாகை சூடியவர். வீழ்ந்தவர் மீண்டும் எழுந்து சிறிது தொலைவு சென்று மறுபடியும் வீழ்ந்தார், உயிர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 29. கடும் வெப்பமும் நீரிழப்பும் மட்டுமன்றி, அவர் உட்கொண்டிருந்த ஊக்க மருந்தும் மதுவும் அச்சாவுக்குக் காரணங்களாயின. களைப்பு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதனை மருந்தால் அடக்கியவருக்கு எச்சரிக்கை கேட்கவில்லை. இன்று அப்பந்தயத்தில் வீரர்க்கு வழிநெடுக நீர்க்குப்பிகள் வழங்கப்படுகின்றன.

அங்ஙனமாயின், எவ்வளவு மிகுதியாகப் பருகினும் நன்மையே என்று கொள்ளலாமோ? அதுவும் தவறு. வியர்வையில் நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுகின்றது. உலர்ந்த சட்டையில் காணும் வெண்திட்டுகள் அவ்வுப்பே. இழந்த அளவுக்கு மேல் வெறும் நீரை மேன்மேலும் பருகினால், குருதியிலுள்ள உப்பின் செறிவு குறையும். அதனால் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றும். முற்றினால் மூளை வீங்கி உயிர்க்கேடும் நேரும். 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் நடந்த நெடுந்தொலை ஓட்டத்தின் முடிவில், ஓடியவர்களுள் 488 பேருடைய குருதியை ஆய்வாளர் சோதித்தனர். அவர்களுள் நூற்றுக்குப் பதின்மூவர்க்கு உப்பின் அளவு குறைந்திருந்தது. ஓடுகையில் மிகுதியாக நீர் பருகி, எடை கூடியிருந்தோரிடத்தே இக்குறை மிகுந்து காணப்பட்டது. ஆகவே, நீருக்கும் அளவு உண்டு.

நீரோடு சிறிது உப்பும் சிறிது இனிப்பும் சேர்வது நெடும்பயணத்துக்கு ஏற்றது. சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் ஒன்றையொன்று கைப்பற்றி உட்செல்கின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கின்றது. இவ்வறிவு மருத்துவ உலகில் பெரும்பயன் விளைத்தது. 1971 ஆம் ஆண்டில் மேற்கு வங்கத்துப் பன்காவ் நகரில் அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர்மருந்து போதவில்லை. அப்போது திலீப் மகலானாபிசு என்னும் மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகள் வாய்வழியே பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு, நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. பயணத்தில் வியர்ப்பவர் நோயாளர் அல்லர். எனினும், குடலின் இயல்பு இருவர்க்கும் ஒன்றே. உப்பிட்ட நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் சிறிது சேர்த்த எலுமிச்சை நீரும் நம் நாட்டில் எளிதிற் கிடைப்பவை. இனிப்பு மிகுந்த புட்டிப் பானங்கள் அவற்றுக்கு ஈடாகா.

பயணம் செய்வோர் கைக்கொள்ளத் தக்க முறை எளியது. அரைமணி நேரத்தில் பள்ளியை அடையும் மாணவர், புறப்படுமுன் ஒரு குவளை நீரும் சென்றபின் ஒரு குவளை நீரும் பருகினால் பெரும்பாலும் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமாயின், புறப்படுவதற்கு இரண்டு மணி முன்னதாக இரண்டு குவளை நீர் பருகுதல் வேண்டும். வழியில் கால்மணிக்கு ஒருமுறை சில மிடறு பருகுதல் நன்று. ஒரே முறையில் வயிறு நிறையப் பருகினால் வண்டி ஓட்டுவது துன்பமாகும். ஓடும் வண்டியில் குப்பியைத் திறவாமல், ஓரமாக நிறுத்திப் பருகுவதே சாலையில் பாதுகாப்பு. பருகியது போதுமா என்பதை அறியவும் வழி உண்டு. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதிய அளவு உள்ளது. அடர்ந்த மஞ்சளாயின் நீர் குறைந்துள்ளது. பயணத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைக் குறிக்கும்.

நீரைப் போலவே உடையும் வண்டியும் உடல் நலத்துக்குத் துணை செய்யும். வெளிர்நிறத் தளர்ந்த பருத்தியுடை காற்றை உள்ளே விடும். கோடையில் முற்பகல் பதினொரு மணிக்கு முன்னும் பிற்பகல் நான்கு மணிக்குப் பின்னும் பயணத்தை அமைத்துக்கொள்வது நலம். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்குமாறு இருக்கையின் உயரம் அமையவேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். சக்கரங்களில் காற்றுக் குறைந்திருந்தால் மிதிக்கும் உழைப்பு மிகும். உழைப்பு மிக வெப்பமும் மிகும். அடிக்கடி காற்றடைப்பதும் நீர்ச்சிக்கனமே எனலாம்.

பள்ளியில் தூய கழிப்பிடம் இல்லை என்று அஞ்சி, காலை முதல் மாலை வரை நீரே பருகாதிருக்கும் மாணவியர் உளர். வெயிலில் மிதிவண்டியில் வந்து, நாள் முழுதும் நீரின்றி இருந்து, மாலையில் மீண்டும் வெயிலிலே திரும்புவது உடலுக்குப் பெருந்தீங்கு. சிறுநீர்ப் பாதையில் நோயும் கல்லடைப்பும் உண்டாக அது வழிகோலும். இக்குறை மாணவியருடையதன்று, அதனைக் களைதல் பெரியோர் கடன். 2019 ஆம் ஆண்டில் கேரளத்துப் பள்ளிகளில் நீர் பருகுவதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் தோன்றி, அண்டை மாநிலங்களுக்கும் பரவியது. மணியோசையோடு தூய கழிப்பிடமும் அமைந்தாலன்றி அதன் பயன் நிறைவுறாது.

உடன் வருபவர் வெயிலில் தலைசுற்றிக் குமட்டலுற்றால் உடனே பயணத்தை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, சிறிது சிறிதாக நீர் கொடுக்கவேண்டும். அவர் பிதற்றினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்ப வீச்சின் அறிகுறி, காலம் தாழ்த்தலாகாது. 108 என்னும் எண்ணுக்கு அழைப்பு விடுத்து, ஊர்தி வரும்வரை உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் சென்று தீங்கு செய்யும்.

பெருவழிகளில் கோடைதோறும் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, வழிச்செல்வோர்க்கு நீரும் மோரும் பானகமும் வழங்குதல் தமிழ்நாட்டின் பழைய அறம். வழிச்செல்வோரின் தாகம் ஊராரின் பொறுப்பு என்று நம் முன்னோர் கருதினர். இன்றைய மாணவர் தம் மிதிவண்டியில் நீர்க்குப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு செல்வதோடு, அந்நீரில் ஒரு பங்கை உடன்வரும் தோழர்க்கும் அளிப்பாராயின், அவ்வண்டியே ஓடும் தண்ணீர்ப்பந்தலாகும்.

பயிற்சி

1. மண்பானை நீர் குளிர்வதையும் மனித உடல் குளிர்வதையும் ஒப்பிட்டு எழுதுக.
2. மிதிவண்டியில் செல்பவர் தாம் இழந்த நீரின் அளவை உணராமல் ஏமாறுவது ஏன்?
3. ‘நீருக்கும் அளவு உண்டு’ என்பதைச் சான்று காட்டி விளக்குக.
4. உங்கள் பள்ளியில் மாணவர் அனைவரும் தயக்கமின்றி நீர் பருகுவதற்குச் செய்யவேண்டியவற்றைக் குறித்துத் தலைமையாசிரியர்க்கு ஒரு விண்ணப்பம் வரைக.