மேலே பச்சை, கீழே வெள்ளை

அன்புள்ள தம்பிக்கு,

காசிமேட்டு இழுவைப் படகொன்றில் நீ ராத்திரி ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று உன் அம்மா ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னாள். 2001-இல் மைன்ஸ் மூடியபிறகு நம் தங்கவயல் பிள்ளைகள் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குத்தான் ஓடுகிறார்கள். நீ கடலுக்குப் போயிருக்கிறாய். சரக்குக் கப்பல்களின் பிரிட்ஜில் நின்று உன்னைப் போன்ற படகுகளை இருட்டில் பார்த்துப் பார்த்து வயதானவன் நான். அதனால் விளக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மீன் எங்கே கிடைக்கும் என்பதை உன் டிரைவர் சொல்லித்தருவார்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டினவர். ஆட்களை ஏற்றிய கூண்டு ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே இருக்கும். அவர் கண்ணுக்குத் தெரியாது. கேட்பது மணி மட்டும்தான். ஓடும் கூண்டுக்கு ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் ஏறுகிறது. கீழே இருப்பவன் தப்பாக அடித்தால் மேலே இருப்பவர் என்ன செய்வார்? கப்பலில் நிற்பவனுக்கு உன் விளக்கும் அந்த மணிதான்.

உலகம் முழுக்க ஒரே சட்டம். 1972-இல் எழுதி 1977-இல் அமலுக்கு வந்த மோதல் தவிர்ப்பு விதிகள். அதில் 26-ஆவது விதி உன்னுடையது. மடி, அதாவது இழுவலை, இழுக்கும் படகு கம்பத்தில் மேலே பச்சை, கீழே வெள்ளை காட்ட வேண்டும். இரண்டும் நாலாபுறமும் தெரிய வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த படகில் இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து ஒரே விளக்காகக் கலங்கித் தெரியும். படகு தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை ஆகியவையும் எரிய வேண்டும். நின்றுவிட்டால் இந்த மூன்றையும் அணைத்துவிடு. கம்பத்து விளக்கு மட்டும் போதும்.

செவுள் வலை, வழிவலை, நெடுந்தூண்டில்காரர்களுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலை படகிலிருந்து 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால், அது கிடக்கும் பக்கத்தைக் காட்ட இன்னொரு வெள்ளை விளக்கு. பச்சை-வெள்ளையைப் பார்த்தால் மடி பின்னால் வருகிறது என்று புரிந்துகொண்டு, உன் பின்பக்கம் ஒட்டிப் போகாமல் கப்பலைத் திருப்புவோம். சிவப்பு-வெள்ளை என்றால் அந்த மூன்றாவது விளக்கைத்தான் கண் தேடும். அது இல்லாவிட்டால் வலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறுவோம்; பல நேரம் அதன் மேலேயே ஏறிப் போய்விடுவோம்.

பகலில் முனையோடு முனை சேர்ந்த இரண்டு கறுப்புக் கூம்புகள், உடுக்கை வடிவில். முன்பெல்லாம் சிறு படகுகள் அதற்குப் பதில் ஒரு கூடையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்றிருந்தது. பிறகு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். நம் கரையோரப் படகுகளில் இந்த உடுக்கையை நான் பார்த்தது அபூர்வம். தகரத்தில் வெட்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை.

விளக்கில்லாத படகைவிட எனக்குப் பயம், பொய் விளக்கு போட்ட படகிடம்தான். மடியை எடுத்து, மீனைக் கொட்டி, அடுத்த இடத்துக்கு ஓடும்போதும் பச்சை-வெள்ளை எரிந்துகொண்டே இருக்கும். விதி அதைத் தெளிவாகத் தடுக்கிறது: மீன்பிடிக்காத நேரத்தில் மீன்பிடி விளக்கு கூடாது. நீ மடியோடு ஊர்கிறாய் என்று நினைத்து நான் ஒரு பக்கம் திருப்புவேன்; நீயோ முழு வேகத்தில் அதே பக்கம் வந்து நிற்பாய். ஓடும்போதே பின்னால் தூண்டில் இழுப்பவர்களுக்கும் இந்த விளக்கு கிடையாது. அது படகின் திருப்பத்தைக் கட்டுப்படுத்தாது என்பதால் சட்டத்தின் கணக்கில் மீன்பிடிப்பே ஆகாது. 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு நாலாபுறமும் தெரியும் ஒரு வெள்ளையும் பக்க விளக்குகளும் போதும் என்று ஒரு சலுகை உண்டு. அது வெறுமனே ஓடும்போதுதான். வலை போட்டதும் சின்னப் படகும் 26-ஆவது விதிக்குள் வந்துவிடும்.

அடுத்தது தளத்து வெளிச்சம். மீன் பிரிக்க எல்இடி விளக்குகளைப் போட்டுவிட்டு, 'இவ்வளவு வெளிச்சம் யாருக்குத் தெரியாது?' என்பார்கள். தெரியும்தான். ஆனால் அந்த வெள்ளைப் பிழம்பில் பச்சை எது, சிவப்பு எது, நீ எந்தப் பக்கம் போகிறாய் என்று எதுவும் தெரியாது. போதாததற்கு ஸ்டியரிங்கில் நிற்கும் உன் கண்ணும் கூசி, வருகிற கப்பல் உனக்கே தெரியாமல் போகும். விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பு, மறைப்புப் போடு. வேலை முடிந்தால் அணை.

உன் அளவுப் படகின் கம்பத்து விளக்கு சட்டப்படி 2 கடல் மைலாவது தெரிய வேண்டும். 18 நாட் வேகத்தில் வரும் கண்டெய்னர் கப்பல் அந்த 2 மைலை ஏழு நிமிஷத்துக்குள் முடித்துவிடும். கப்பல் உனக்கு வழிவிட வேண்டும் என்பது விதி, உண்மைதான். ஆனால் எண்ணூர் மாதிரி துறைமுகங்களின் கால்வாயில் அது தலைகீழ். அங்கே கப்பலின் வழியை நீ மறிக்கக் கூடாது. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் நடுராத்திரியில் 'ரபா' என்ற பேப்பூர்ப் படகு சிங்கப்பூர்க் கொடி பறந்த சரக்குக் கப்பலோடு மோதியது. படகில் 14 பேர். இரண்டு பேர்தான் உயிரோடு மீட்கப்பட்டார்கள். போனவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. தவறு யாருடையது என்று நான் பேச வரவில்லை; மோதினால் எந்தப் பக்கம் ஆள் சாகும் என்பதற்குச் சொல்கிறேன்.

மூடுபனியிலும் கனமழையிலும் விளக்கை நம்பாதே. ஹாரனில் ஒரு நீண்ட ஒலி, இரண்டு குறுகிய ஒலி. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறையாவது.

அடுத்த தங்கல் பயணத்துக்கு ஐஸும் டீசலும் ஏற்றும்போது, இருட்டியபிறகு கம்பத்து விளக்குகளைப் போட்டுவிட்டு ஜெட்டியின் மறுகோடிக்கு நடந்து போய்த் திரும்பிப் பார். பச்சை தனியாக, வெள்ளை தனியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஓனரிடம் சொல். சரிசெய்து தரும்வரை ராத்திரியில் மடி இறக்க மாட்டேன் என்றும் சொல்.

அன்புடன்,
உன் மாமா,
உரிகம், கோலார் தங்கவயல்