பல காயம் பட்டோரில் முதலில் எவரைக் கவனிப்பது?

நெல் மூட்டைகளோடு ஆட்களையும் ஏற்றிச் சென்ற டிராக்டர் வாய்க்கால் ஓரத்தில் கவிழ்ந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். தொடை எலும்பு முறிந்த ஒருவர் உரக்கக் கதறுகிறார். மற்றொருவர் பேச்சின்றிச் சாய்ந்து கிடக்கிறார். அவர் உடம்பில் இரத்தம் தெரியவில்லை. கூடியவர்கள் கதறுகிறவரையே சூழ்ந்து கொள்வது இயல்பு. ஆனால் பேரபாயத்தில் இருப்பவர் மற்றவராக இருக்கலாம். காயத்தின் கடுமையைக் கூக்குரலைக் கொண்டு அளவிடலாகாது.

மருத்துவர்கள் இதை எண்களால் அளவிடுகின்றனர். 1974-இல் வெளியான காயக் கடுமைக் கணக்கு அவற்றுள் ஒன்று. உடலை ஆறு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள மிகக் கடுமையான காயத்துக்கு 1 முதல் 6 வரை எண் இடுவர். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கம் செய்து கூட்டுவர். தொடை முறிவுக்கு 3 எனில் கணக்கு 9 ஆகும். பேசாதிருப்பவருக்குத் தலையில் 4, மார்பில் 3, வயிற்றில் 2 என்றால், 16, 9, 4 சேர்ந்து 29 ஆகும். 15-க்கு மேற்பட்டதைப் பெருங்காயம் என்பர்; மிக உயர்ந்த எண் 75. தனித்தனியே தாங்கக்கூடிய காயங்களும் ஒன்றுசேர்ந்தால் உயிருக்கு உலை வைக்கும் என்பதே இக்கணக்கின் உட்பொருள்.

இக்கணக்கை ஆஸ்பத்திரியில்தான் போட முடியும். விபத்து நடந்த இடத்தில் நாம் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பீறிடும் இரத்தம். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துக.

இரண்டாவது, மூச்சு. திணறலோ, குறட்டை போன்ற ஒலியோ அபாயக் குறி.

மூன்றாவது, தோலும் நாடியும். தோல் வெளுத்துச் சில்லிட்டு, நாடி விரைந்து மெலிந்தால், உள்ளே இரத்தம் கசிவதாக ஐயுற வேண்டும். வளர்ந்தவர் உடலில் உள்ள இரத்தம் சுமார் 5 லிட்டரே. தொடை எலும்பு முறிந்தால், தோல் கிழியாமலேயே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே கசியக்கூடும். ஆகவே கதறுகிறவரையும் அசட்டை செய்யலாகாது.

நான்காவது, நினைவு. பெயரைக் கேளுங்கள், கையை உயர்த்தச் சொல்லுங்கள். மருத்துவர்கள் கையாளும் கிளாஸ்கோ அளவில் முழு நினைவுக்கு 15. 8 அல்லது அதற்குக் குறைந்தால் நிலைமை மிகக் கடுமை.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை இந்நான்கையும் மீண்டும் பாருங்கள். பேசிக் கொண்டிருந்தவர் மயங்கக்கூடும். உடனே 108-ஐ அழைத்து, காயம்பட்டோர் எத்தனை பேர், அவர்களுள் நினைவிழந்தவர், மூச்சுத் திணறுபவர் எத்தனை பேர் என்று தெளிவாகக் கூறுங்கள். தீ போன்ற உடனடி அபாயம் இருந்தாலன்றி, கை கால்களைப் பிடித்துத் தூக்காதீர்கள்; முதுகெலும்பு முறிந்திருந்தால் உடல் செயலற்றுப் போகும். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியோடு ஊர் இளைஞர்களுக்கு இப்பயிற்சியை அளிக்க முன்வர வேண்டும். இந்நான்கு குறிகளையும் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், ஆபத்து வேளையில் எவரை முதலில் வண்டியில் ஏற்றுவது என்ற தடுமாற்றம் ஊராருக்கு இராது.