ஒரே எடை, வேறு வேறு உடம்பு

அன்புள்ள வெண்ணிலாவுக்கு,

ஒல்லியாக இருக்கும் அப்பாவுக்கு எப்படிச் சர்க்கரை வந்தது என்று கேட்டிருந்தாய். 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தில் பாதி பதில் இருக்கிறது. இரண்டு டாக்டர்கள்: புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சுப் பிசகாமல் 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

காரணம் சொல்லும்போது தங்களையே கிண்டலடித்துக்கொண்டார்கள். யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக் ஓடுவதெல்லாம் காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஏறிவிடத்தான்! சிரிப்புக்கு நடுவே ஒரு முக்கியத் தகவலும் உண்டு: யாஜ்னிக் பிறக்கும்போதே எடை குறைவு. கருவில் போதிய ஊட்டம் கிடைக்காததும் காரணமாகலாம் என்றார்கள். மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதை முடிவு சொல்லாமல் விட்டார்கள்.

பிறகு நிறையத் தெரிய வந்தது. கொழுப்பு தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கினால் பெரிய தொந்தரவில்லை. அந்தக் கிடங்கு சிறியதாக அமைந்துவிட்டால், மிச்சம் கல்லீரலிலும் தசையிலும் போய் உட்கார்ந்து இன்சுலினை வேலை செய்யவிடாது. அப்பாவைப் போன்ற ஒல்லியானவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். எல்.எம்.என்.ஏ. என்ற ஒரே மரபணுவில் கோளாறு இருந்தால், பருவ வயதில் கை கால் கொழுப்பு கரைந்து, முகத்திலும் கழுத்திலும் சேரும். சர்க்கரையும் பின்னாலேயே வரும். இது அபூர்வம். பெரும்பாலோருக்குப் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் வேலை காட்டுகின்றன.

அவற்றில் விசித்திரமானது கே.எல்.எஃப்.14. இதில் தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே இயங்கும். ஆபத்தான வடிவம் அம்மா வழியாக வந்த பெண்களுக்குப் பிட்டத்தில் சேர வேண்டிய கொழுப்பு வயிற்றுக்கு நகர்கிறது, சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுகிறது. அதே வடிவம் அப்பா வழியாக வந்தால் சும்மா கிடக்கும்.

இதைப் படித்துவிட்டுத் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடாதே. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் இந்தியர்களுக்காக 100 மதிப்பெண் கணக்கு ஒன்றை வகுத்தார்கள். 60ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இருந்தால் 20, ஒருவருக்கு மட்டும் என்றால் 10. உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை என்றாலோ 30! உனக்கு அப்பா வழியில் 10. வயது 35 ஆகாததால் அதற்குச் சுழி. இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருந்தால் அதற்கும் சுழி. மீதியை நீயே கூட்டிப் பார்த்து எழுது.

அன்புடன்,
மாமா