பெட்டியை வெட்டுவதற்கு முன்

கன்டெய்னர் வீடு பாதிச் செலவில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் கட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். செங்கல் வீட்டுக்கு ஆகியிருக்கும் தொகை எனக்கும் ஆனது. ஆனாலும் இந்த வீட்டை நான் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். "டீச்சர் பெட்டிக்குள்ள குடியிருக்காங்க" என்று சிரித்தவர்களே இப்போது மகனையும் மருமகனையும் அனுப்பி விவரம் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தூத்துக்குடியில் கன்டெய்னர் அதிசயப் பொருள் இல்லை. துறைமுகச் சாலையில் டிரெய்லருக்கு வழிவிட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பெட்டி என்றுதான் சொல்வோம். நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஊருக்கு வெளியே எட்டு சென்ட் நிலம், கையில் ஓய்வுக்காலப் பணம், யாரிடமும் கடன் கேட்கப் பிடிக்காத குணம். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். கடன் வேண்டுமென்றால் இந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு வங்கி மேலாளர் என் வரைபடத்தைப் புரட்டிவிட்டு, "மேடம், இதை நாளைக்கு லாரியில ஏத்திட்டுப் போயிட்டா நாங்க எதை ஜப்தி பண்றது?" என்று கேட்டார்.

வரைபடம் நானே போட்டது, கிராஃப் தாளில். இரண்டு நாற்பதடிப் பெட்டிகளை ஒட்டிப் போட்டு, ஒரு கோடியில் படுக்கையறைகள், மறுகோடியில் சமையலறையும் குளியலறையும், நடுவில் இரண்டு பெட்டிக்கும் இடையிலுள்ள சுவர்களை எடுத்துவிட்டுப் பெரிய கூடம். பெட்டியின் வெளி அகலம் எட்டடிதான். ஒற்றைப் பெட்டிக்குள் நாலு பேர் உட்கார்ந்தால் ரயில் பெட்டி மாதிரி முழங்கால் இடிக்கும். சுவரை எடுத்தால்தான் வீடு.

பெட்டி வாங்குவது எளிது. 'ஹை கியூப்' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பெட்டியின் உள் உயரம் 7 அடி 10 அங்குலம். கூரைக்கு வெப்பத்தடுப்புக் கொடுத்து மின்விசிறியும் மாட்டினால் கையை உயர்த்திச் சோம்பல் முறிக்க முடியாது. ஹை கியூபில் ஒரு அடி கூடுதல். யார்டில் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். இருட்டில் எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே துரு தின்றிருக்கிறது. மூக்கையும் பயன்படுத்துங்கள். ரசாயன வாடை அடித்தால் அடுத்த பெட்டி. கதவில் பதித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். தரைப்பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றிய விவரம் அதில் இருக்கும். கடல் கடக்கும் மரத்தில் கறையானும் வண்டும் பயணம் செய்யக் கூடாது என்பதற்காகப் போடுவது. பேரப்பிள்ளைகள் தவழும் வீட்டுக்கு அது ஆகாது. நான் பலகையைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் போர்டு போட்டு அதன்மேல் டைல்ஸ் ஒட்டினேன். அனுமதி வேலைகளை மற்ற வீடுகளுக்குச் செய்வதுபோலவே செய்ய வேண்டும். "இது வீடா வண்டியா?" என்று கேட்பார்கள், சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். என் பணத்தில் பெரும்பங்கைத் தின்றது ஒரே ஒரு வேலை. பெட்டிகளை வெட்டும் வேலையை நான் ஒப்படைத்திருந்த வெல்டிங் பட்டறைக்காரர், சட்டம் எதுவும் போடாமல் சுவரை வெட்டிவிட்டார்.

இரண்டு பெட்டியும் அவர் பட்டறையில் நின்றன. நான் போனபோது கூடத்துக்கான இருபத்துநாலு அடியும் இரண்டு பெட்டியிலும் வெட்டி முடிந்திருந்தது. தகடுகள் மூலையில் சாய்ந்து கிடந்தன. வெட்டு விளிம்பு இன்னும் நீலம் பூத்திருந்தது. "மேலே பீம் எதுவும் வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதற்குக் கூட நின்ற என் மகள் சாட்சி. அவர் கையிலிருந்த கிரைண்டரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "டீச்சர், கப்பல்ல இது தலைக்கு மேல எட்டுப் பெட்டி அடுக்குறான். ஒரு சைடு தகடு போனா என்ன ஆயிரும்?"

கேட்டால் நியாயமாகத்தான் படும். கன்டெய்னர் வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேரைக் கவிழ்ப்பது இந்தப் பேச்சுதான். கப்பலில் அடுக்கும் பெட்டிகளின் எடையை நான்கு மூலைத் தூண்களும் வாங்கிக்கொள்கின்றன, அது உண்மை. ஆனால் மூலைக்கும் மூலைக்கும் நடுவே நாற்பது அடி நீளத்தை வளையாமல் பிடித்திருப்பது அந்த மடிப்புத் தகட்டுச் சுவர். தகடு இரண்டு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. இருந்தாலும் ஒன்பதடிக்கு மேல் உயரமாக நிற்பதால் அது முழுவதும் ஒரே உத்தரம்போல வேலை செய்கிறது. அடிக்குச்சியைப் படுக்க வைத்து அழுத்திப் பாருங்கள், வளையும். நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள், வளையாது. சுவரை எடுத்துவிட்டால் மேலே மிச்சம் இருப்பது என்ன? இரண்டு விரற்கடை கனத்தில் ஒரு சதுரக் குழாய். அது இருபத்துநாலு அடிக்குக் கூரையைத் தாங்குமா?

தாங்கவில்லை. மனையில் கிரேன் பெட்டியைத் தூக்கியபோதே நடுப்பகுதி தொய்வது கண்ணுக்குத் தெரிந்தது. கிரேன்காரர்தான் முதலில் சொன்னார், "யக்கா, பெட்டி வவுறு தள்ளுது". இறக்கி வைத்துக் கயிறு கட்டிப் பார்த்தால் கூரை நாலு விரல் இறங்கியிருந்தது. இரண்டு பெட்டியின் கூரையும் சேர வேண்டிய இடத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே. பீடங்களை மூலைகளில் மட்டும்தான் போட்டிருந்தோம். முழுப் பெட்டிக்கு அது போதும், வெட்டிய பெட்டிக்குப் போதாது. கூடத்தில் நடந்தால் தரை துள்ளியது. படுக்கையறைக் கதவு நிலையோடு பொருந்தவில்லை. முதல் மழைக்குக் கூரைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிச் சேர்மானம் வழியாகக் கூடத்துக்குள் ஒழுகியது.

சரிசெய்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டிகளுக்கு நடுவில் புதிதாகக் குழி தோண்டி காங்கிரீட் பீடங்கள். ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவந்தது. வெட்டிய வாயின் மேலே நெடுக ஐ பீம், இரண்டு ஓரத்திலும் பாக்ஸ் பைப் தூண்கள். எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகே ஜாக்கியை எடுத்தது. இதையெல்லாம் பட்டறையிலேயே, வெட்டுவதற்கு முன்னால், பெட்டி நேராக நிற்கும்போது செய்திருந்தால் சில்லறைச் செலவு. பிறகு செய்ததில் இரண்டு பெட்டியின் விலையைத் தாண்டியது.

"நடுவில் தூண் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்று பட்டறைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆமாம், சொன்னேன். கூடத்தின் நடுவில் தூண் நின்றால் கூடம் எதற்கு? வீட்டுக்காரி ஆசைப்பட்டதைத்தான் கேட்பாள். அதற்கு என்ன பீம் வேண்டும் என்று சொல்வது தொழில் தெரிந்தவர் வேலை. இப்போதும் என் கூடத்தின் நடுவில் தூண் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் சிவில் இன்ஜினியர். காபி ஆறுவதற்குள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு மதினி" என்றவர், கூரை தொய்ந்த பிறகு வந்து "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். நினைப்பதற்கு எதற்கு இன்ஜினியர்? கத்தாரில் 2022 உலகக்கோப்பைக்கு 974 கன்டெய்னர்களை வைத்து ஒரு மைதானமே கட்டினார்கள். பெயரே ஸ்டேடியம் 974. அங்கேயும் பாரத்தைத் தாங்க எஃகுச் சட்டகம் தனியாக உண்டு. இந்த விவரத்தை அவருக்குச் சொன்னதே நான்தான். சொந்தக்காரரிடம் ஓசியில் காட்டாதீர்கள். கட்டுமான இன்ஜினியர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, பீம் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை வாங்குங்கள்.

வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது. பெட்டிக் கூரைக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டு இன்னொரு ஷீட் கூரை போடுங்கள். வெயில் அதன்மேல் விழும், காற்று நடுவில் ஓடும். மேற்குச் சுவருக்கு வெப்பத்தடுப்பை வெளிப்பக்கம் கொடுங்கள். உள்ளே கொடுத்தால் ஏற்கெனவே குறுகிய அகலத்தில் இன்னும் அரையடி போகும். கூரையின் அடிப்பக்கம் மட்டும் ஃபோம் தெளித்துத் தகட்டை முழுதாக மூட வேண்டும். இடைவெளி விட்டால், இரவில் குளிர்ந்த தகட்டில் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று பட்டு விடியற்காலையில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு ஏமாறாதீர்கள்.

உப்பளக் காற்றில் துரு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த எஃகு தன் துருவையே காப்பாக்கிக்கொள்ளும் வகை என்பார்கள். உப்புக் காற்று ஓயாமல் அடிக்கும் இடத்தில் அந்தக் காப்பு நிலைக்காது. வெட்டு விளிம்பையும் வெல்டிங் தடத்தையும் அன்றைக்கே தேய்த்து எபாக்ஸி பிரைமர் பூச வேண்டும், நாளைக்கு என்றால் நாளைக்கே துரு.

மின்சாரம்: வீடு முழுக்க இரும்பு. பெட்டி இரண்டுக்கும் எர்த்திங் கட்டாயம், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இதில் பேரம் பேசாதீர்கள். கதவைச் சாத்தினால் செல்போன் சிக்னல் போய்விடும். எனக்கு அது வசதி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். என் வீட்டுத் தரை மூன்றடி உயரத்தில் இருந்ததால் தண்ணீர் அடியில் ஓடிப் போனது. பீடத்தோடு பெட்டியைப் பற்றவைத்தது வீண் செலவு என்று சொன்னவர்களுக்காக ஒரு கணக்கு. நாற்பதடிப் பெட்டியின் அடிப்பரப்பு ஏறக்குறைய 30 சதுர மீட்டர். தண்ணீர் தரைப்பலகையைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 300 கிலோவைத் தூக்கும். காலிப் பெட்டியின் எடை 4 டன்னுக்குள். தண்ணீர் உள்ளே புகாவிட்டால் ஒரு சாண் ஏறுவதற்குள் பெட்டி மிதக்கும். சாமான் நிறைந்த வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். பீடத்தில் இரும்புத் தகடு பதித்து, அதன்மேல் மூலைகளைப் பற்றவையுங்கள்.

கடைசியாக, பணம் கொடுக்கும் வரிசை. பெட்டி பட்டறைக்கு வந்ததும் ஒரு பங்கு. பீமும் தூணும் பற்றவைத்து, இன்ஜினியர் வந்து பார்த்த பிறகு அடுத்த பங்கு. அதற்குப் பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும். வெட்டியெடுத்த தகடு யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். என் சுவர்கள் எந்தக் காயலான் கடைக்குப் போயின என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இந்த வரிசைக்குப் பட்டறைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தூத்துக்குடியில் வெல்டருக்குப் பஞ்சம் கிடையாது.