டாக்டர் அறையில் ஒரு காலை

மருத்துவம் படிக்க ஆசையா? எஸ்.பி.எம். முடிந்த விடுமுறையில் ஒரு டாக்டருடன் இருந்து அவர் வேலையைப் பாருங்கள். யாரிடம் கேட்பது? பெரிய மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, சிறு வயதிலிருந்து உங்கள் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் பக்கத்து கிளினிக் டாக்டரிடமே கேட்கலாம். கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். ஒரு மாதம் என்றால் தயங்குவார். ஒரு காலை மட்டும் என்று கேளுங்கள். மறுத்தால் என்ன, அடுத்த தெருவிலும் கிளினிக் இருக்கிறதே!

டாக்டர் சம்மதித்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு நோயாளியும் சம்மதிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே கேட்டதை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது.

இரத்த அழுத்தம் அளப்பதைக் கவனியுங்கள். வீட்டில் சரியாக இருக்கும் அளவு, டாக்டர் முன்னால் சிலருக்கு ஏறிவிடும். பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதை 'வெள்ளை அங்கி விளைவு' என்பார்கள். அதனால்தான் நோயாளியை 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடியும் அளப்பதுண்டு. அறையில் முன்பின் தெரியாத நீங்கள் இருப்பதும் அந்தப் பதற்றத்தைக் கூட்டலாம். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, பேசாமல் உட்காருங்கள்.